இடது கைக் கடிதங்கள்

தென்காசி
9-6-1962

அன்பு மகள் கல்யாணசுந்தரிக்கு அப்பா தாணு எழுதுவது.

முழுசாக வந்து சேர்ந்தேன். மூன்று ரயில் மாறி, இரண்டு பேர் படுக்கையை ஒற்றை ஆளாகச் சுமந்து வந்தேன். விருதுநகரில் போர்ட்டர் கூலி கேட்டான். "கல்யாணமாகி இருபத்தஞ்சு வருசம் ஆச்சுப்பா, சுமை எனக்குப் புதுசா?" என்றேன். அவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை போலிருக்கிறது, சிரிக்கவில்லை.

குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டது. பஸ் ஆபீசில் என் டிக்கெட் ஜன்னலுக்கு வெளியே ஒரே ஈரத் தலைகள். "பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு தங்கச் சுரங்கம் பாக்கப் போனீரே, தங்கம் எங்க ஓய்?" என்று மானேஜர் கேட்டார். "பொண்டாட்டிய அங்கன அடகு வச்சிருக்கேன், தங்கம் பின்னால வருது" என்றேன். ஆபீஸே சிரித்தது. உனக்குச் சிரிப்பு வராது, தெரியும்.

பழக்கத்தில் இரண்டு பேருக்கு உலை வைத்துவிடுகிறேன். மிச்சச் சோற்றுக்கு என் கூட்டாளி ஒலி முகம்மது வருகிறான். தின்றுவிட்டு, உப்பு இல்லை என்று வேறு சொல்கிறான்.

அந்தப் பலகை முன்னால் அம்மா உட்கார்ந்துவிட்டது தலைசுற்றல்தான். அந்த ஊர் வெயிலுக்கு எனக்கே சுற்றியது. சங்கரநாராயணன் என்ற பெயர் நம் பக்கத்தில் தெருவுக்கு நாலு. அதைப் போய் அவள் மனசில் போட்டுக்கொள்ள வேண்டாம் என்று சொல். மாப்பிள்ளை வல்லிநாயகத்திடம் சொல்லி அவளை ரயிலேற்றிவிடு. விருதுநகருக்கு வந்து நான் அழைத்துக்கொள்கிறேன்.

அப்பா

வெந்தயம் எந்த டப்பாவில் இருக்கிறது என்று அவளிடம் கேட்டு எழுது.


சொர்ணபள்ளி
15-6-1962

அப்பாவுக்கு,

வெந்தயம் அடுப்புக்கு மேலே மூன்றாவது டப்பாவில் இருக்கும். என் ஞாபகத்திலிருந்து எழுதுகிறேன். அம்மா சொல்லவில்லை. உங்கள் பேச்சை எடுத்தாலே எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுகிறாள்.

தலைசுற்றல் என்று எழுத உங்களுக்குக் கை எப்படி வந்தது? நான் அங்கேயேதான் நின்றேன்.

கல்யாண நாளுக்கு உங்கள் இருவரையும் இங்கே வரச் சொன்னது நான். நீங்களும் மாமாவும் இளவயதில் வேலை பார்த்த சுரங்க ஊர், இப்போது மூடிவிட்டார்கள், ஆனால் எல்லாவற்றையும் அப்படியே வைத்துக் காட்டுகிறார்கள், அம்மா ஒரு தடவை பார்க்கட்டும் என்று எழுதினேன். நீங்களும் துள்ளிக்கொண்டு வந்தீர்கள். ஆள் இறங்கும் கூண்டு, வெள்ளைக்காரர்கள் ஆடின கிளப்பு, கூலி லைன் எல்லாம் சுற்றினோம். கூலி அறையில் காட்சிக்கு வைத்திருந்த பானையைப் பார்த்து, "எங்க பானை இவ்வளவு நல்லா இருக்காது, கம்பெனி இப்பதான் கூலிக்காரனுக்கு நல்ல பானை வாங்கியிருக்கு" என்றீர்கள். டிக்கெட் கிழிப்பவர்கூடச் சிரித்தார்.

அதன் பிறகு நான்தான் அம்மாவைக் கையைப் பிடித்து அந்தப் பலகைக்கு அழைத்துப் போனேன். குழியில் செத்தவர்களின் பெயரை எல்லாம் பழைய ரிஜிஸ்தரிலிருந்து எடுத்து, தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் எழுதவேண்டும் என்று தொழிலாளர் சங்கம் கேட்டது. தமிழ்ப் பெயர்களைப் பெயிண்டருக்கு அழகாக எழுதிக் கொடுத்தவள் நான். என் பள்ளிக்கூட மேஜையில் வைத்து எழுதினேன். "சங்கரநாராயணன், தென்காசி, வயது 22, 11-3-1936" என்று எழுதும்போது, பாவம், அம்மாவின் அண்ணன், நம் மாமா பெயரில் ஒருத்தர் என்றுதான் நினைத்தேன். 1951 வரை பினாங்கிலிருந்து கடிதம் எழுதின மாமா 1936-இல் செத்திருக்க முடியாதே!

"நம்ம ஊர்க்காரர் பேரு ஒண்ணு இருக்கும்மா" என்று காட்டினேன். அம்மா எழுத்துக் கூட்டிப் படித்தாள். சிரித்தாள். "இங்க பாத்தியளா, நம்ம ஊரு" என்று உங்களைத் திரும்பிப் பார்த்தாள்.

அம்மாவுக்கு விஷயம் தெரிந்தது பலகையைப் படித்து அல்ல. உங்கள் மூஞ்சியைப் படித்து. என் ஆயுளில் முதல் தடவையாக உங்களிடம் ஒரு வேடிக்கைப் பேச்சும் இல்லை.

கேட்கிறேன். அது மாமாவா? மாமா என்றால், பினாங்கிலிருந்து எழுதினது யார்?

கல்யாணசுந்தரி


தென்காசி
20-6-1962

கல்யாணிக்கு,

அது அவன்தான். எழுதினது நான்.

எழுதிவிட்டேன், பார். இரண்டு வரி. இதை இருபத்தாறு வருஷம் எழுதாமல் இருக்க எத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன்!

அவன் செத்து ஒன்பதாம் நாள் நான் ஊருக்கு வந்தேன். வருகிறேன் என்று மட்டும் கார்டு போட்டிருந்தேன். உன் ஆச்சி, அதுதான் என் பேராச்சி அத்தை, இரண்டு பேரும் வருகிறோம் என்று நினைத்து ஸ்டேஷனுக்கு இரண்டு தம்ளரில் மோர் கொண்டுவந்து நிற்கிறாள். "ஏலே தாணு, அவன் எங்கலே?" என்றாள். வாயைத் திறந்தேன். "பினாங்குக்குக் கப்பலேறிட்டான் அத்தை, நல்ல சம்பளம்" என்று வந்தது. ஏன் பினாங்கு? ஒலி முகம்மது குடும்பத்துக்கு அங்கே ஜவுளிக் கடை இருந்தது, வேறு ஊர் பெயர் எனக்குத் தெரியாது. இரண்டாவது மோரையும் அத்தை என்னிடமே நீட்டினாள். குடித்தேன். அது உள்ளே போன பிறகு உண்மை வெளியே வர வழியில்லை.

நாலு நாளில் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். நாலாம் நாள் அவள், "கடுதாசி போட்டானாலே?" என்று வந்தாள். எழுதினேன், இடது கையால். எட்டாம் கிளாஸ் வாத்தியார் என் வலது கை எழுத்தைப் பார்த்துக் கோழி கிளறினது என்பார். அவர் என் இடது கை எழுத்தைப் பார்த்திருந்தால் பாஸ் போட்டிருப்பார். பினாங்குத் தாள் ஒலி முகம்மது கொண்டுவந்தது. கடை ஆள் மூலம் வந்தது என்று சொல்லி, கடிதத்தைக் கையில் கொண்டுவந்து கொடுத்ததும் அவன்தான். கொடுத்த பிறகு மூன்று நாள் எங்கள் தெருப் பக்கம் தலைகாட்ட மாட்டான். கம்பெனி கொடுத்த நஷ்டஈட்டையும் மகன் அனுப்பினது என்றே அத்தை கையில் சேர்த்துவிட்டோம். அதில் ஒரு சல்லி நான் தொடவில்லை.

பிறகு ஜப்பான்காரன் புண்ணியத்தில் எனக்கு மூன்று வருஷம் லீவு கிடைத்தது. மலாயாத் தபாலே கிடையாது.

இனி நான் கேட்கிறேன். கல்யாண நாள் கொண்டாடச் சொல்லி உன்னை யார் கேட்டது? எங்கள் வீட்டில் பிறந்த நாளுக்கே பாயசம் கிடையாது. இருபத்தைந்தாவது வருஷமாம், வெள்ளிவிழாவாம்! துரைமார் வழக்கம். நான் வந்தது எதற்கு? என் காலத்தில் அந்தப் பலகையில் வெள்ளைக்காரன் பெயர் மட்டும்தான் இருந்தது, அதுவும் இங்கிலீஷில். நாங்கள் செத்தால் வெறும் நம்பர். அவன் 714, நான் 715. அந்த நம்பிக்கையில் வந்தேன். எழுநூற்றுப் பதினாலை நீ சங்கரநாராயணன் ஆக்கிவைப்பாய் என்று கண்டேனா?

மனுஷன் செத்த பொந்துக்கு இருபத்தைந்து நயா பைசா டிக்கெட்டாம். அதைக் கேட்பார் இல்லை. என்னைக் கேட்க மட்டும் எல்லோரும் வரிசையில் நிற்கிறீர்கள்.

அப்பா


சொர்ணபள்ளி
27-6-1962

அப்பாவுக்கு,

ஆமாம், நம்பரைப் பெயராக்கினது நான்தான். இன்னொரு தடவை கொடுத்தாலும் எழுதுவேன்.

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு முழுதும் வாசித்துக் காட்டினேன். ஜப்பான்காரன் லீவு கொடுத்த இடத்தில் நிறுத்தச் சொன்னாள். "இதுக்கும் சிரிக்கச் சொல்லுதாவளா உங்க அப்பா?" என்று கேட்டாள். உங்களுக்குப் புரிகிறதா? நீங்கள் லீவு எடுத்த அந்த மூன்று வருஷமும், மகன் உயிரோடு இருக்கவேண்டும் என்று ஆச்சி ஒரு வேளைச் சோறுதான் தின்றாள்.

நான் எட்டு வயதில் மாமா கடிதத்தை உரக்கப் படிப்பேன். பினாங்கில் குரங்கை மரத்தில் ஏற்றித் தேங்காய் பறிப்பார்களாம், ஒரு குரங்கு கூலி பத்தாது என்று மரத்திலேயே உட்கார்ந்துகொண்டதாம். அந்தக் குரங்குக்கு நான் பெயர்கூட வைத்திருந்தேன். நீங்கள் அருகில் உட்கார்ந்து, முதல் தடவை கேட்கிற மாதிரி தொடையில் தட்டிச் சிரித்தீர்கள். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

1951-இல் ஆச்சி செத்தாள். தந்தி கொடுத்தாயிற்று என்றீர்கள். இரண்டு நாள் பிணத்தைப் போட்டு வைத்தோம், மகன் வருவான் என்று. கொள்ளிச் சட்டியை நீங்கள் தூக்கினீர்கள். அம்மா வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். "பெத்தவ மூஞ்சி பாக்க வராத பயலே, நீ சாகையில ஒனக்குக் கொள்ளி வைக்க ஒரு நாதி இருக்கப்பிடாது" என்றாள். நான் அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன். எனக்குப் பன்னிரண்டு வயது. நீங்கள் சட்டியோடு அவளைத் தாண்டிப் போனீர்கள். செத்து நாதியில்லாமல் கிடந்த அண்ணனைத்தான் அவள் சபிக்கிறாள் என்று தெரிந்து, தாண்டிப் போனீர்கள்.

அதற்குப் பிறகு, அவன் கடுதாசி இந்த வாசல் படியேறக் கூடாது என்றாள். பதினோரு வருஷம் அவன் பெயரைச் சொல்லவில்லை. உங்களுக்கு அது வசதியாகப் போயிற்று, இல்லையா?

அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொன்னாள். ஆச்சிக்கு உங்களைப் பிடிக்காது. உங்களுக்கு அம்மாவைக் கொடுத்ததே மாமா பினாங்கிலிருந்து, "தங்கச்சி குழலைத் தாணுவுக்கே கொடு" என்று எழுதினதால்தான். அந்தக் கடிதத்தை அம்மா நகை வைக்கிற செப்பில் மடித்து, போகிற இடமெல்லாம் கூடவே வைத்திருக்கிறாள்.

அந்தக் கடிதம் யார் எழுதினது? வேடிக்கை வேண்டாம். ஒரு வரியில் பதில் எழுதுங்கள்.

கல்யாணசுந்தரி


தென்காசி
1-7-1962

நான்தான் எழுதினேன்.

அப்பா


சொர்ணபள்ளி
8-7-1962

அப்பாவுக்கு,

வாசித்தேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். கழுநீரைக் கொட்டாமல் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பேசினாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்:

"ஏட்டி கல்யாணி, எனக்கும் அவியளுக்கும் எத்தனை சண்டை வந்திருக்கும்! எத்தனை தடவை பொட்டி கட்டியிருப்பேன்! ஒவ்வொரு தடவையும், எங்க அண்ணன் பாத்து வச்ச இடம்லா, அவன் வாக்கு பொய்யாப் போகப்பிடாதுன்னு பொட்டிய அவுத்தேன். அவன் மேல கோவம் வந்த பொறவும் அந்த ஒரு வாக்குக்காக இருந்தேன். பாத்து வச்சதே இந்த மனுசன்தான்னா, நான் யாருக்காவட்டி இருந்தேன்?"

இதற்குப் பதில் உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

அவள் இனி இங்கேதான் இருப்பாள். என் வீட்டுக்காரர் சரி என்றுவிட்டார். மாமியாரை எந்த மருமகனும் இப்படி வைத்துக்கொள்ள மாட்டான் என்று கேலியாக எழுதிவிடாதீர்கள். அவர் உங்கள் பெயரைக் கேட்டாலே எழுந்து போய்விடுகிறார். நீங்கள் வரவேண்டாம். ஒலி முகம்மது மாமாவையும் அனுப்ப வேண்டாம். அவர் கையில் கடிதம் வாங்கினதெல்லாம் போதும்.

தினமும் மத்தியானம் அம்மா டிக்கெட் வாங்கிக்கொண்டு அந்தப் பலகைக்குப் போகிறாள். டிக்கெட் கிழிப்பவர் காசு வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. அந்தப் பெயர் மேலே புடவைத் தலைப்பால் தூசி துடைக்கிறாள். நேற்று அவரிடம், "எங்க அண்ணன் எப்படிச் செத்தாம்னு ஒங்க நோட்டுல இருக்கா?" என்று கேட்டாளாம். இல்லையாம். தேதி மட்டும்தான் இருக்கிறதாம்.

அதுவும் உங்களுக்குத்தான் தெரியும். எல்லாம் உங்களுக்கு மட்டுமே தெரியும்.

கல்யாணசுந்தரி


தென்காசி
14-7-1962

கல்யாணிக்கு,

அம்மா கேட்டதற்கு, நடந்தது மட்டும் எழுதுகிறேன்.

அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மகனுக்கு அனுப்பும் கடிதத்தையும் என்னிடம்தான் வந்து சொல்லுவாள், நான் எழுதுவேன். தபாலில் போடுகிறேன் என்று வாங்கி, என் டிரங்குப் பெட்டியில் போட்டுவிடுவேன். 1937 தை மாதம் வந்தாள். "ஆலங்குளத்துல ஒரு வாத்தியாரு மாப்பிள்ளை, தங்கமான பையன். குழலக் கொடுக்கட்டுமான்னு உங்கிட்ட கேக்கேன்னு எழுதுலே" என்றாள். எழுதினேன். அவள் போன பிறகு பதிலையும் நான்தானே எழுதவேண்டும்! "கொடு அம்மா" என்று எழுத உட்கார்ந்தேன். மூன்று நாள் உட்கார்ந்தேன். நாலாம் நாள், "வாத்தியாருக்கு வேண்டாம், தாணுவுக்குக் கொடு" என்று எழுதினேன். கேள்வியும் என் கை, பதிலும் என் கை. ஊரில் எவனும் இவ்வளவு சுலபமாகப் பெண் கேட்டிருக்க மாட்டான்.

வேடிக்கை வேண்டாம் என்றாய். இது வேடிக்கை இல்லை. என் வாய் அப்படித்தான் கோணியிருக்கிறது. நேராக்க இனி ஆகாது.

யுத்தம் முடிந்ததும் அவனைக் கொன்றிருக்கலாம். மலாயாவில் ஆயிரம் பேர் செத்தார்கள், ஆயிரத்தொன்றாக அவனையும் சேர்த்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஒலி முகம்மது என் சட்டையைப் பிடித்தான். "இப்பவாவது சாக விடுலே, பாவி" என்று கத்தினான். நான் விடவில்லை. அத்தை கிடந்த கிடையைப் பார்த்துத்தான் விடவில்லை என்று இதுவரை எனக்கு நானே சொல்லிவந்தேன். அது பாதிதான். அவன் செத்தால், எப்படி, எப்போது, யார் பக்கத்தில் இருந்தது என்று கேள்வி வரும். அதுதான் மீதிப் பாதி.

வருஷா வருஷம் ஆடி அமாவாசைக்கு விடியற்காலம், எண்ணெய்க் குளியல் என்று சொல்லி நான் தனியாகக் குற்றாலம் போவேனே, நீங்கள் எல்லாம் கேலி செய்வீர்களே, இந்த மனுஷனுக்கு அமாவாசையிலா எண்ணெய் என்று. அது எண்ணெய் அல்ல, எள். அருவிக்குக் கீழே ஐயர் முன்னால் உட்கார்ந்து அவன் பெயரைச் சொல்லித் தண்ணீர் விடுவேன். முதல் வருஷம் ஐயர், "என்ன உறவு?" என்றார். சிநேகிதன் என்றேன். கல்யாணத்துக்குப் பிறகு, மைத்துனன் என்றேன். இருபத்தாறு வருஷம் அவன் பசியாக இருக்கவில்லை. இதை மட்டும் அவளிடம் சொல். இதற்காக என்னை மன்னிக்க வேண்டாம். அவன் நாதியில்லாமல் கிடக்கவில்லை என்று அவளுக்குத் தெரிந்தால் போதும்.

அவன் எப்படிச் செத்தான் என்று கேட்டிருக்கிறாள். பாறை வெடித்தது. அதற்கு மேல் நாலு தாள் எழுதிக் கிழித்துவிட்டேன். வரவில்லை.

அப்பா


சொர்ணபள்ளி
21-7-1962

அப்பாவுக்கு,

எள் விஷயத்தை வாசித்ததும் அம்மா அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளுக்கு இன்னும் கோபம்தான் வந்தது. "திருட்டுத்தனமா எங்க அண்ணனுக்குத் தண்ணி விட்டாவளாக்கும்! அதுவும் அவியளுக்கே சொந்தமா? கூடப் பிறந்தவ நான் ஒருத்தி இருக்கும்போது!" என்று சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டாள். அவள் கத்தி நான் கேட்டது ஆச்சி செத்த அன்றைக்கு, அதற்குப் பிறகு இப்போது.

ஆனால் முடிவு சொல்லியிருக்கிறாள். 31-ஆம் தேதி ஆடி அமாவாசை. என் வீட்டுக்காரர் அவளைக் குற்றாலத்துக்கு நேரே கூட்டி வருகிறார். சத்திரத்தில் தங்குவார்கள். தென்காசி ஸ்டேஷனில் நீங்கள் நிற்கக் கூடாது. மோரும் கொண்டுவரக் கூடாது. இதையும் அவள்தான் சொன்னாள்.

ஒரு நிபந்தனை. அவள் சொன்னபடி:

"எங்க அண்ணன் எப்படிச் செத்தாம்னு உங்க அப்பாவுக்கு எழுத வரலியாம். பினாங்குல குரங்கு தேங்கா பறிச்சது மட்டும் வந்துது. அவிய கையால வரலைன்னா, எங்க அண்ணன் கையால வரட்டும். அதே இடது கை, அதே தாளு. ஒலி முகம்மது கொண்டாந்து என் கையில கொடுக்கணும், முன்ன கொடுத்த மாதிரியே. இதுல ஒரு பொய் இருந்தாலும் எனக்குத் தெரியும். பதினஞ்சு வருசமா அந்தப் பொய்யப் படிச்சுத்தானே நான் எழுத்துக் கூட்டப் படிச்சேன்."

அதைப் படித்துவிட்டு, திரும்ப இங்கே ரயிலேறுவதா, எங்கே போவது என்று அவள் முடிவு செய்வாள். நான் ஒன்றும் சொல்லமாட்டேன். உங்களுக்காகப் பேசவும் மாட்டேன்.

கல்யாணசுந்தரி


தென்காசி
3-8-1962

கல்யாணிக்கு,

மாப்பிள்ளை உன்னிடம் வந்து சேரும் முன்னால் இது வரும் என்று நினைக்கிறேன். எழுதின கடிதத்துக்கு நகல் எடுத்து உனக்கு அனுப்பவேண்டும் என்று அம்மாவின் உத்தரவு. கீழே இருக்கிறது.

"இடம்: பினாங்கு அல்ல.

தங்கச்சி குழலுக்கு,

நான் பினாங்கைப் பார்த்ததில்லை. கப்பலையும் பார்த்ததில்லை. குரங்கு தேங்காய் பறித்ததை ஒலி முகம்மதுதான் பார்த்தான்.

1936 மார்ச் 11, மத்தியானம் ஷிப்டு முடிந்து நானும் தாணுவும் குழிக்குள் கூண்டுக்கு நின்றோம். கூண்டில் ஒரு ஆளுக்குத்தான் இடம் இருந்தது. தாணுவுக்குப் பசி. அவனுக்கு எப்போதும் பசி. 'நீ போய் உலையை வைலே, அடுத்த கூண்டுல வாரேன்' என்றேன். ஒரு பேச்சுக்குக்கூட, நீ போ என்று அவன் சொல்லவில்லை. ஏறிக்கொண்டான். இதை அவன் யாரிடமும் சொன்னது கிடையாது.

அவன் இரண்டு பேருக்கு உலை வைத்தான். பாறை வெடித்தபோது அவன் பானை மூடி ஆடியது. சோறு பொங்குகிறது என்று நினைத்து மூடியை நகர்த்தி வைத்தான். மூன்றாம் நாள் என்னை எடுத்தார்கள். முகம் இல்லை. கால் பெருவிரல் நகத்தைப் பார்த்து அவன் அடையாளம் சொன்னான். அவன்தான் கொள்ளி வைத்தான். சாம்பலை அந்த ஊர் ஏரியில் கரைத்தான்.

அம்மா செத்தபோது நான் வராதது வர முடியாததால். நீ திட்டினது எனக்குக் கேட்கவில்லை. தாணுவுக்குத்தான் கேட்டது. அவனுக்குக் கேட்கவேண்டியதுதான்.

உன் கல்யாணத்துக்கு நான் சம்மதம் எழுதவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தாணுவுக்குத் தெரியாது. அவன் நல்லவன் என்று இதில் ஒரு வரி சேர்க்க இரண்டு தரம் பேனாவை எடுத்தான். அது நான் சொன்னதாக ஆகாது. ஆகையால் அந்த வரி இதில் இல்லை.

இனிமேல் என்னிடமிருந்து கடிதம் வராது.

சங்கரநாராயணன்."

ஒலி முகம்மது கொண்டுபோய் அவள் கையில் கொடுத்தான். அருவிச் சத்தத்தில் அம்மா உதட்டை அசைத்து அசைத்துப் படித்தாள். சாரலில் தாள் நனைந்தது. அரை மணி நேரம் ஆயிற்று. நான் கொஞ்சம் தள்ளி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, வகுப்புக்கு வெளியே நிறுத்தின பயல் மாதிரி நின்றேன்.

ஐயர் பெண்கள் எள்ளும் தண்ணீரும் விடக் கூடாது என்றார். "எங்க அண்ணன் செத்தது இருபத்தாறு வருசம் கழிச்சு எனக்குத் தெரியலாம்னா, நான் தண்ணியும் விடலாம் சாமி" என்றாள். ஐயர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவள்தான் விட்டாள். என்னைக் கிட்டே வரவிடவில்லை.

கரையேறி வந்து என்னிடம் பேசினாள். ஐம்பத்தெட்டு நாளைக்குப் பிறகு முதல் பேச்சு.

"அந்த ஆலங்குளத்து வாத்தியாரு இப்ப எங்க இருக்காரு?"

"ஹெட்மாஸ்டரா இருக்காராம்."

"பொய்க் கடுதாசி எழுதத் தெரியாத மனுசனா இருந்திருப்பாரு" என்றாள். பிறகு கையை நீட்டினாள். "வீட்டுச் சாவியக் கொடுங்க."

கொடுத்தேன். மாப்பிள்ளையோடு பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள். வழக்கமாக நான் ஜன்னலில் கிழித்துக் கொடுக்கிற டிக்கெட்டை நானே காசு கொடுத்து வாங்கினேன். அடுத்த பஸ்ஸில் பின்னாலேயே போனேன். கதவு சாத்தியிருந்தது. தட்டினேன். "நான் ஒங்களக் கூப்பிடல" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. பாத்திரங்களை எல்லாம் வெளியே இழுத்துப் போட்டுத் தேய்க்கிற சத்தம் தெருவுக்கே கேட்டது.

பஸ் ஆபீஸ் பெஞ்சில் படுத்திருக்கிறேன். மானேஜர் கேட்டார், என்ன ஓய் என்று. முதல் தடவையாக வேடிக்கை இல்லாமல், "வீட்டுல சேக்கல" என்றேன். ஒலி முகம்மது இரண்டு வேளை சோறு கொண்டுவருகிறான். உப்பு இருக்கிறது.

இன்னொரு உத்தரவு. இந்த வீட்டுக் கடிதம் எதையும் இனி நான் எழுதக் கூடாதாம், வலது கையாலும் சரி, இடது கையாலும் சரி. இதுதான் கடைசி. இதையும் ஒட்டாமல் கொண்டுபோய் வாசலில் வைக்கவேண்டும், அவள் படித்துப் பார்த்துத் தபாலில் போடுவாள். அடியில் இடம் விடச் சொன்னாள். விட்டிருக்கிறேன்.

அப்பா


கல்யாணி

நான் வந்துட்டேன். வீடு பூரா அழுக்கு. வெந்தையம் மூணாவது டப்பாவில்தான் இருக்குது. கண்ணுக்கு நேரா இருக்கிறது அவர்களுக்குத் தெரியவில்லை.

அண்ணனுக்கு எள்ளும் தண்ணியும் விட்டாச்சு. அந்தக் கல்யாணக் கடுதாசியை அருவித் தண்ணியில் விட்டுட்டேன்.

அப்பா பெஞ்சியில் கிடக்கட்டும். கூப்பிடுகிறதா இல்லையா என்று நான் பார்த்துக்கொள்வேன். என்னை யாரும் கேட்கவேண்டாம். நீயும் எழுதி கேக்காதே.

இதை நானே எழுதினேன்.

அம்மா